குறுக்கே வைத்த கல்

மார்ச் 4

தம்பிக்கு,

போனில் கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம்தான். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் யார் எழுதியது என்று பார்ப்பாய், பார்க்கிற சாக்கில் நாலு வரி படித்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல் நிலத்தைக் கிராவல் தோண்ட விற்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். விற்காதே.

முந்தாநாள் காலையில் கிராவல்காரர் ஆட்களோடு வந்தார். நான் களை எடுத்துக்கொண்டிருந்தேன். என் நிலத்தின் வழியாகத்தான் ஏறிப் போனார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் நிலத்தில் இரும்புக் கம்பியைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். முன்பெல்லாம் அங்கே கம்பியைக் குத்தினால் தடையில்லாமல் இறங்கும். இப்போது ஒரு விரல்கடை இறங்கி டங்கென்று நிற்கிறது. அந்தச் சத்தம் கீழே எனக்குக் கேட்டது. "மேல்மண்ணு தொல்லையே இல்ல, நேரா உள்ள போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தார். நமக்கு வந்த நாசம் அவருக்கு வசதி.

"உங்க தம்பி சரின்னுட்டாரும்மா. எல்லை மட்டும் பார்த்துக்கிறோம்" என்றார் என்னிடம். உன்னோடு பேசுகிற பாக்கியம் அவருக்குக் கிடைத்திருக்கிறது.

அப்பா பிரித்துக் கொடுத்தபோது மேல் நிலம் உனக்கு, கீழ் நிலம் எனக்கு என்று ஆனது. சரிவில் மேலே இருப்பவன் செய்வதெல்லாம் கீழே இருப்பவள் தலையில்தான் விழும். டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று சரிவுக்குக் குறுக்கே இருந்த கல்வரப்புகளை எல்லாம் பிடுங்கி மூலையில் குவித்தாய். மேலிருந்து கீழாக நேர்க்கோடு போட்டு உழுதாய். வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். போன வருஷம் பெய்த ஒரே மழையில் உன் மேல்மண் முழுவதும் இறங்கி என் சோளத்தின் மேல் படுத்துக்கொண்டது.

அன்றைக்குக் கிணற்றடியில் நாலு பேர் முன்னால் நான் சொன்னதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாய். வைத்துக்கொள். பயிர் புதைந்து கிடக்கும்போது என் வாயில் தேனா வடியும்? சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் இதை எழுதவில்லை.

உன் மண் என் நிலத்தில் அப்படியே கிடக்கிறது. நான் தொடவில்லை. கீழே வந்த மண்ணை மேலே இருப்பவன் வந்து கேட்பதும், கீழே இருப்பவர்கள் கூட நின்று கூடை கூடையாக ஏற்றிக் கொடுப்பதும் இந்தச் சரிவில் எல்லோரும் செய்வதுதானே. இல்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. வந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை உன் வாயில் வரவில்லை. ஊரை விட்டே போய்விட்டாய்.

மாமா நன்றாக இருக்கிறார். வழக்கம்போல ஒன்றும் பேசுவதில்லை. பாப்பா மாசமாக இருக்கிறாள், ஆறாவது மாதம். அம்மாவிடம் பேசாவிட்டாலும் மகளிடமாவது போனில் பேசு.

அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

நாலு வரி இல்லை, முழுவதும் படித்தேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். செடி விற்கிற நர்சரியில் மண் கலக்கிறேன். லாரியில் செம்மண் வந்து இறங்கும். கட்டியை உடைத்து, சல்லடையில் சலித்து, தொழுவுரமும் தேங்காய் நார்த்தூளும் சேர்த்துப் பிரட்டி, பிளாஸ்டிக் பையில் அடைத்து வாயைக் கட்ட வேண்டும். மாடி வீட்டுக்காரர்கள் காரில் வந்து வாங்கிப் போகிறார்கள். கிணற்றடியில் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "உனக்கு ஒரு பூந்தொட்டி குடுத்தாக்கூட அதையும் கரைச்சு ஊத்திடுவ" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது காலையிலிருந்து பொழுது சாயும்வரை பூந்தொட்டிக்குத்தான் மண் போடுகிறேன். உன் வாய் முகூர்த்தம்.

போன வாரம் ஒரு அம்மா பையைத் தூக்கிப் பார்த்து, "இது நல்ல மண்ணாப்பா?" என்று கேட்டார். நல்ல மண்தான் என்றேன். உண்மையிலேயே நல்ல மண். கையில் எடுத்தால் தெரிகிறதே. யாரோ ஒருவனுடைய மேல்மண். அவன் விற்றானா, அவனிடமிருந்து சுரண்டினார்களா என்று நான் லாரிக்காரரிடம் கேட்டதில்லை.

டிராக்டர் வேண்டாம் என்று சொல்வது உனக்குச் சுலபம். உனக்கு மாமா இருக்கிறார், மாடு இருக்கிறது. நான் தனிக்கட்டை. வாடகை டிராக்டர்காரர், "வரப்புக்கு வரப்பு திரும்பிக்கிட்டு இருந்தா எனக்குக் கட்டாது, வேற ஆளைப் பாரு" என்று போய்விட்டார். இரண்டு பருவம் நிலத்தைத் தரிசாகப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒருத்தரும் வந்து என்ன ஏது என்று கேட்கவில்லை, நீயும் சேர்த்துத்தான். வரப்பைப் பிடுங்கியபோது மட்டும் ஊரே வாயைத் திறந்தது.

அங்கே இனி என்ன விளையும்? பாறைதான் மிச்சம். பாறை வேண்டும் என்று ஒருவர் வருகிறார், கொடுத்துவிட்டுப் போகிறேன். எல்லையில் வில்லங்கம் எதுவும் இல்லை என்றால் மழைக்கு முன்னாலேயே எழுதி முடித்துவிடலாம் என்கிறார். உன் நிலத்தில் கிடக்கும் மண்ணை நீயே வைத்துக்கொள். விதை போடு. நான் கேட்டு வரப்போவதில்லை.

பாப்பாவிடம் பேசினேன். நன்றாக இருக்கிறாள்.

தம்பி

ஏப்ரல் 8

தம்பிக்கு,

பூந்தொட்டி விஷயத்தைப் படித்துக் காட்டியபோது மாமா சிரித்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். நான் முறைத்ததும் அடக்கிக்கொண்டு, "பாவம், அவன் தனியாத்தானே கஷ்டப்பட்டான்" என்றார். நீ தரிசாகப் போட்டிருந்த இரண்டு பருவமும் நான் உன் வரப்பு ஓரமாகத்தான் புல் அறுத்தேன். ஏன் உழவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் விற்கிற விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. மேலே பள்ளம் தோண்டினால் எனக்கு வரவேண்டிய தண்ணீர் முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள் போகும். என் கிணறு வற்றும். பெருமழை பெய்தால் பள்ளத்தின் கரை உடைந்து கல்லும் சேறுமாக என் மேல் இறங்கும். போன வருஷம் வந்ததாவது மண். அடுத்து வரப்போவது சரளைக்கல். அதன் மேல் எந்த விதையைப் போடுவேன்? உன்னோடு சேர்த்து என் நிலத்தையும் விற்கிறாய், எனக்குச் சொல்லாமல்.

நீ நினைக்கிற மாதிரி முழுவதும் பாறையாகிவிடவில்லை. நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். மழைத்தண்ணீர் அறுத்த ஓடை இடுப்பளவு ஆழமாகி இருக்கிறது. அதுவும் நிற்காமல் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகிறது. ஆனால் ஓடைக்கு இரண்டு பக்கமும் புல் பிடித்த இடங்களில் இன்னும் மண் இருக்கிறது. அதை இந்த மழைக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். சரிவுக்குக் குறுக்கே பழையபடி கல் வரிசை வைத்து, ஓடையில் முள்ளையும் கிளைகளையும் போட்டு அடைத்தால் தண்ணீர் நின்று நிதானமாக இறங்கும், மண் தங்கிவிடும். அதற்குப் பிறகு கீழே கிடப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றலாம். நம் காலத்தில் பழையபடி ஆகாது. ஆனால் பாதியாவது தேறும்.

நானே வைத்துவிடுவேன். ஆனால் அடுத்தவர் நிலத்தில் குறுக்கே கல் வைத்தால் இங்கே என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். ஒரு மழைக்காலம் முழுக்க நிலத்துக்காரன் அதை எடுக்காமல் விட்டால், கல்லுக்குக் கீழே சரிவில் இருக்கிற அந்த நிலம் முழுவதும் கல் வைத்தவருடையது. மண்ணைக் காப்பாற்றியவருக்கு மண். பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் இந்தச் சரிவில் அதற்கு மேல் ஒருத்தரும் பேசமாட்டார்கள். அதனால்தான் கேட்கிறேன். நீ வந்து வை. வர முடியாவிட்டால் எனக்காக அக்கா வைக்கட்டும் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பு, வைத்த பிறகு எழுதினால் செல்லாது. ஊரே ரேடியோ என்று கூப்பிடுகிற நம் பக்கத்து நிலத்துக்காரரிடம் அதை ஒரு தடவை காட்டினால் போதும், அவர் எல்லோருக்கும் ஒலிபரப்பிவிடுவார்.

நாள் அதிகமில்லை. உடனே பதில் போடு.

அக்கா

மே 20

அக்காவுக்கு,

பதில் போடவில்லை என்றால் இஷ்டமில்லை என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

நேற்று ரேடியோ போன் செய்தார். "உங்க அக்கா மேல் நிலத்துல கல் அடுக்குதேப்பா, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்று பொய் சொன்னேன். என் அக்கா எனக்குத் தெரியாமல் என் நிலத்தில் கல் வைக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் போய் மண் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தேன். முதலாளி வந்து உடம்புக்கு என்ன என்று கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அதுவும் கீழேயோ நடுவிலேயோ வைத்திருந்தால்கூட ஏதோ உன் நிலத்தைக் காப்பாற்ற வைத்தாய் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். முதல் வரிசையையே உச்சியில், என் மேல் எல்லையை ஒட்டி வைத்திருக்கிறாயாமே. அப்படியென்றால் அதற்குக் கீழே இருக்கிற முழு நிலமும் உனக்கு. எனக்கு நிற்கக்கூட இடம் இல்லை. யோசித்துத்தான் செய்திருக்கிறாய்.

கிராவல்காரருக்கும் தகவல் போய்விட்டது. "அக்கா தம்பி பஞ்சாயத்தை முடிச்சுட்டு வாங்க, வில்லங்கத்துல நான் கை வைக்கிறதில்ல" என்கிறார். நீ நினைத்தது நடந்துவிட்டது. விற்கவும் முடியாமல், உழவும் முடியாமல் என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாய். அப்பா இருந்திருந்தால் உன் முகத்தில் விழித்திருக்க மாட்டார்.

மரியாதையாக எல்லாக் கல்லையும் எடுத்துவிடு. இல்லாவிட்டால் நானே கடப்பாரையோடு வருவேன். அக்கா என்றுகூடப் பார்க்கமாட்டேன்.

மே 30

தம்பிக்கு,

கடிதத்தின் அடியில் தம்பி என்று போடவில்லை. பார்த்தேன்.

தெரிந்துதான் வைத்தேன். ரேடியோவும் வரப்பில் வந்து நின்றுகொண்டு, "என்னம்மா, தம்பி நிலத்தைச் சுருட்டுறியா?" என்று கேட்டார். "ஆமா, பாய் மாதிரி சுருட்டுறேன். நீங்க அந்தப் பக்கம் பிடிங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. தம்பி நிலத்தைத் திருடியவள் என்று இனி நான் சாகும்வரை சொல்வார்கள். சொல்லட்டும். மண் போனால் யார் என்ன சொல்லி என்ன?

உச்சியில் ஏன் வைத்தேன் என்று கேட்கிறாய். சரிவில் கல் வைக்கிறவர்கள் உச்சியில்தான் ஆரம்பிப்பார்கள், நீயும் நானும் அப்பாவோடு அப்படித்தானே வைத்தோம். தண்ணீரை மேலேயே நிறுத்த வேண்டும். பாதி தூரம் ஓடி வேகம் பிடித்த பிறகு எந்தக் கல் வரிசையும் அதற்கு ஈடுகொடுக்காது, அடித்துக்கொண்டு போய்விடும். ஊர்வாய்க்குப் பயந்து நடுவில் வைத்திருந்தால் எனக்குப் பெயர் கெட்டிருக்காது. உன் மண்ணும் நின்றிருக்காது. இரண்டு நாள் இதை யோசித்துக்கொண்டு சோறு தண்ணி இல்லாமல் திரிந்தேன். பிறகு உச்சிக்கே ஏறிப் போய்விட்டேன்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கி, ஒரு முனையை மாமா பிடிக்க, மறு முனையை நான் பிடித்து மட்டம் பார்த்துக் கோடு போட்டோம். நீ மூலையில் குவித்த அதே கற்கள்தான். பெரியதைக் கீழ்ப்பக்கம் பள்ளம் பறித்துப் பதித்து, சின்னதை மேல்பக்கம் சொருகினோம். ஒரு கல் நழுவி என் வலது கை நடுவிரல் நசுங்கிவிட்டது. நகம் போய்விட்டது. எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் அதுதான், அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அழுததெல்லாம் உன் கடிதம் வந்த அன்றைக்கு.

உன் நிலம் எனக்கு வேண்டாம். கேட்டால் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கல்லை நான் எடுக்கமாட்டேன். மழை வரப்போகிற நேரத்தில் கையாலே வைத்ததைக் கையாலே பிடுங்க எனக்கு மனது வராது. வைத்தவர் எடுத்தால் இங்கே செல்லவும் செல்லாது. நிலத்துக்காரன் தன் கையால் எடுத்தால்தான் ஊர் ஒத்துக்கொள்ளும். அது உனக்கும் தெரியும். வா. வந்து எடு. எடுத்துவிட்டுக் கிராவல்காரரிடம் கொடு.

அப்போது நான் அங்கே இருக்கமாட்டேன். பாப்பாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, நாளைக்கு அவள் வீட்டுக்குக் கிளம்புகிறேன். நல்லதாகப் போயிற்று, நீ எடுப்பதை நான் பார்க்க வேண்டாம். மாமா வீட்டில்தான் இருப்பார். சாப்பிட்டுவிட்டுப் போ. அவரோடு உனக்குச் சண்டை இல்லையே.

அக்கா

ஜூன் 17

அக்காவுக்கு,

பாப்பாவுக்குப் பெண் குழந்தை பிறந்ததாக மாமா சொன்னார். மூன்றே வார்த்தையில் சொன்னார். தாயும் பிள்ளையும் நலமா என்று கேட்டதற்கு ஒரு தலையாட்டல்தான் கிடைத்தது. நீ விவரமாக எழுது.

நான் நம் ஊரிலிருந்துதான் எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை வந்தேன். கடப்பாரையோடுதான் வந்தேன், அதை மறைக்கப் போவதில்லை. அதற்கு முந்தின நாள் இங்கே முதல் மழை பெய்திருந்தது. கிராவல்காரர் தன் ஆளைக் காகிதங்களோடு அனுப்பியிருந்தார். கல்லை எடுத்து முடித்ததும் அங்கேயே கையெழுத்து என்று பேச்சு. வேடிக்கை பார்க்க ரேடியோவும் இன்னும் சிலரும் வந்துவிட்டார்கள். மாமா உன் நிலத்து ஓரத்திலேயே நின்றுவிட்டார், மேலே வரவில்லை.

உச்சியிலிருந்தே ஆரம்பித்தேன். முதல் கல்லின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். நல்ல ஆழமாகப் பதித்திருக்கிறாய், லேசில் வரவில்லை. பெயர்த்துப் புரட்டினேன். அதன் பின்னால் மண் நின்றிருந்தது அக்கா. ஒரே மழையில் வந்து தங்கிய மண். ஒரு சாண் உயரம் இருக்கும், ஈரமாக, கறுப்பாக, நான் நர்சரியில் சலித்துச் சலித்து எடுப்பதைவிட மெல்லிசாக. கல் நகர்ந்ததும் அந்த இடத்தில் அது மெதுவாகச் சரிந்து இறங்க ஆரம்பித்தது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கடப்பாரையைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்தேன்.

அப்படியே எவ்வளவு நேரம் கிடந்தேனோ. பின்னாலிருந்து கிராவல்காரரின் ஆள், "என்னாச்சுங்க, அடிபட்டுடுச்சா?" என்று கேட்டான். "இல்லப்பா. அந்தக் கல்லை இப்படித் தள்ளு" என்றேன். பாவம், நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான், சேற்றில் முட்டி போட்டுத் தள்ளிக் கொடுத்தான். கல்லைப் பழைய குழியிலேயே வைத்து, சரிந்த மண்ணைக் கையால் வாரி மேல்பக்கம் போட்டு அழுத்தினேன். கொஞ்சம் போய்விட்டது. மிச்சத்தைப் பிடித்துவிட்டேன்.

பிறகு வரிசை நெடுக நடந்து பார்த்தேன். எல்லாக் கல்லுக்குப் பின்னாலும் நிற்கிறது. ஓடையில் நீ போட்ட முள்ளடைப்பிலும் சேறு தங்கியிருக்கிறது. எந்தக் கல்லை எடுத்தாலும் அதன் பின்னால் இருப்பது போய்விடும். மண் போகாமல் எடுக்க ஒரு வழி இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். கிடையாது.

கிராவல்காரரின் ஆள் காகிதத்தைச் சேறு படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தான். போகச் சொன்னேன். ரேடியோ விடவில்லை. "அப்ப இது யாரோட நிலம்? ஒரு பேச்சா சொல்லிடு, நாளைக்கு யாரும் மாத்திப் பேசக்கூடாதுல்ல" என்றார். "வெச்சவங்களோடது" என்றேன். இதை நான் சந்தோஷமாகச் சொன்னேன் என்று நினைக்காதே. உன் மேல் இருந்த கோபமும் முழுவதுமாகப் போய்விடவில்லை, அது போகிறபோது போகட்டும். அப்பா எனக்கென்று கொடுத்த நிலம். அதை என் வாயாலேயே இன்னொருவருடையது என்று சொன்னேன்.

இரண்டாவது வரிசையில் ஒரு இடத்தில் உன் கோடு தாழ்ந்திருக்கிறது. குழாயை மாமா சாய்த்துப் பிடித்திருப்பார். அங்கே மட்டும் தண்ணீர் ஏறிக் குதித்து ஓடியிருக்கிறது. அடுத்த மழைக்குள் அந்த இடத்தை உயர்த்தாவிட்டால் வரிசையே உடையும். அங்கே நான் கல் வைக்கலாமா? உன் நிலம் என்பதால் கேட்கிறேன். உன் பதில் வரும்வரை மண் மூட்டை போட்டு வைத்திருக்கிறேன்.

நர்சரி முதலாளியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மாமா எனக்குப் பின்கட்டில் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார். மழை முடிகிறவரை இங்கேதான் இருப்பேன். கல் எல்லாம் நீ வைத்த இடத்திலேயே இருக்கும்.

தம்பி